நாலு வருஷம், இரண்டு இம்பாக்ட் டிரைவர், ஒரு ஏறுசுவர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஏறுசுவர் இருக்கும் கொட்டகை ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கிவைத்த ஸ்டோர். இப்போது சுற்றிலும் செம்பனைதான். ஆனாலும் நல்ல மழை பெய்தால் மூலையிலிருந்து அந்தப் பழைய ரப்பர் வாடை எட்டிப்பார்க்கும். நானும், செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் என் மச்சானும்தான் இங்கே ரூட் போடுகிறவர்கள், அதாவது ஏறும் பாதைகளை அமைக்கிறவர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சுவரைக் காலி செய்து, கைகால் வைத்து ஏறும் பிடிகளைக் கழுவி, புதிதாகப் போல்ட் போட்டுப் பூட்டுவோம். கழற்ற நூற்றைம்பது, மாட்ட நூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் முழுக்க டி-கீயாலேயே (டி வடிவக் கைச்சாவி) செய்தோம். மறுநாள் பசியாறும்போது ரொட்டி சானாயைப் பிய்க்கக்கூட மணிக்கட்டு வராது.

அதனால்தான் போல்ட் முடுக்கும் பேட்டரி மெஷின் ஒன்று, 18 வோல்ட் மக்கிதா இம்பாக்ட் டிரைவர், வாங்கினோம். மச்சானிடம் அதே பேட்டரியில் ஓடும் கிரைண்டர் ஏற்கெனவே இருந்தது என்பதைத் தவிர பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. பெட்டியில் போட்டிருந்த முறுக்குவிசை 170 நியூட்டன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இது பத்துமா மச்சான்?" என்று கேட்டார். ஆலையில் பெரிய நட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர், அப்படித்தான் கேட்பார்.

பத்துமாவது! பிடியை மாட்டும் எம்10 போல்ட் (10 மில்லி விட்டம்), 18 மில்லி பிளைவுட்டுக்குப் பின்னால் இருக்கும் டி-நட்டில் போய் உட்கார்கிறது. அந்த டி-நட் மரத்தைக் கவ்விக்கொண்டிருப்பது நாலு சின்னப் பல்லால். இதற்கு 170 என்பது கொசு அடிக்கக் கோடாலி.

இம்பாக்ட் டிரைவரைப் பற்றி எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆன விஷயம் இது. சாதாரண டிரில் இறுகும்போது உங்கள் கையைத் திருப்பும். இம்பாக்டில், எதிர்ப்பு வந்ததும் உள்ளே ஒரு சுத்தியல் தட்டித் தட்டித் திருப்பும், கைக்கு முறுக்கு வராது. ஏணியில் ஒற்றைக்கையால் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய சுகம். வில்லங்கமும் அங்கேயேதான்: எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தகவலே வராது. தட்டல் ஆரம்பித்த பிறகு அரை நொடி கூடப் பிடித்தால் பிடியில் விரிசல், இல்லாவிட்டால் டி-நட்டின் பல் பிடுங்கிக்கொள்ளும்.

எனக்கு இரண்டாவது நடந்தது. கூரைபோல் சாய்ந்த பகுதியில் ஒரு பெரிய பிடி. அவசரமாக முடுக்கினேன், போல்ட் சுற்றியது, கூடவே டி-நட்டும் சுற்றியது. இனி அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. இப்படி ஆனால் முதலில் செய்யவேண்டியது, பிடிக்கும் சுவருக்கும் நடுவில் நெம்புகோல் கொடுத்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே, கையால், மெதுவாகக் கழற்றுவது. இழுக்கும்போது பல் திரும்ப மரத்தைக் கவ்வும். எனக்குக் கவ்வவில்லை. மச்சான் லாக்கிங் பிளையரோடு சுவருக்குப் பின்னால் புகுந்தார். மத்தியானம் இரண்டு மணி, மேலே தகரக் கூரை, உள்ளே ஏறுகிறவர்கள் கையில் பூசும் சாக் தூள், நாலு வருஷத்தது. அங்கிருந்து அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம்.

அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதல் மூன்று சுற்று கையால். பிறகு மெஷின், தட்டல் சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிடவேண்டும். கடைசி இறுக்கு டி-கீயால்.

அந்த மூன்று சுற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பிடிகள் ஒரு மூட்டை வாங்கினோம், அதோடு வந்த போல்ட்டுகளில் பாதி அமெரிக்க அளவு, மூன்றெட்டு (3/8) அங்குலம். கண்ணுக்கு எம்10 போலவே இருக்கும். விட்டமும் மரையும் சற்றே வேறு. எம்10 மரையின் இடைவெளி 1.5 மில்லி, அதனுடையது ஏறத்தாழ 1.59. கையால் திருப்பினால் கொஞ்சம் போய்ச் சிக்கும், உடனே தெரிந்துவிடும். மெஷினோ கேள்வி கேட்காமல் உள்ளே தள்ளி மரையை அரைத்துவிடும். அதன் தலைக்கு ஆலன் பிட் (மெஷின் முனையில் மாட்டும் ஆறுமுகத் துண்டு) 5/16 அங்குலம்; எங்கள் 8 மில்லிக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம், பிட்டை வைத்துப் பிரித்தறிய முடியாது. கையால் திருப்பிச் சிக்கிய போல்ட்டையெல்லாம் தனி டின்னில் போட்டோம். இப்போது அந்த டின் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

மூன்றாம் வருஷம் மில்வாக்கியின் 12 வோல்ட் இம்பாக்ட் ஒன்று சேர்ந்தது. 147 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள், அதுவும் எங்களுக்கு அதிகம்தான். ஆனால் அதில் வேகத்தை நாலு நிலையில் மாற்றலாம், நான் முதல் நிலையை விட்டு நகர்வதே இல்லை. எடையும் பேட்டரியோடு ஒரு கிலோவை ஒட்டித்தான். 18 வோல்ட்டில் 5.0 (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி மாட்டினால் ஒன்றரைக் கிலோ. அரைக் கிலோ என்ன பெரிசு என்று கடையில் தோன்றும். தலைக்கு மேலே கையைத் தூக்கி எண்பதாவது போல்ட்டைப் பூட்டும்போது தெரியும். இப்போது பிடிகளுக்கு 12 வோல்ட். வால்யூமை (சுவரில் மாட்டும் பெரிய புடைப்புப் பெட்டி) சுவரோடு சேர்க்கும் நீள மரத்திருகுகளுக்கும், வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கும் போல்ட்டைக் கழற்றவும் 18. அதிலும் 5.0-வைக் கழற்றிவிட்டு 2.0 பேட்டரிதான் போடுகிறேன். இரண்டு 2.0 இருந்தால் ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில் இருக்கும், நாள் ஓடிவிடும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு பாடம் காசு கொடுத்துப் படித்தேன். இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று வந்தது. மேலே 6.0 என்று ஒட்டியிருந்தது, எங்கள் 2.0 ஓடும் நேரம்கூட ஓடவில்லை. மச்சான் பிரித்துப் பார்த்தார் (நீங்கள் பிரிக்காதீர்கள்). பத்து செல் இருக்கவேண்டிய உடம்பில் ஐந்துதான் இருந்தது, மிச்ச இடம் காற்று. அப்புறம், 18 வோல்ட்டை விட 20 வோல்ட் வலு என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டிலும் ஐந்து செல் தொடர்தான். முழு சார்ஜில் அளந்தால் 20, சராசரியில் 18. 12-க்கும் 10.8-க்கும் இதே கதை, மூன்று செல்.

மத்தியானத்தில் கொட்டகைக்குள் சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டேன். சூடான பேட்டரியை எங்கள் சார்ஜர் ஏற்றவே மாட்டேன் என்று விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும், ஆறும்வரை. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வைத்து ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

பிட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 8 மில்லி ஹெக்ஸ் பிட், இம்பாக்டுக்கு என்று செய்தது, இரண்டு. விளிம்பு உருண்டுபோன பிட்டை வைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று நினைத்தால் போல்ட் தலை உருண்டுவிடும். மேலே ஏறும்போது மெஷினுக்கு ஒரு கயிறு, இடுப்போடு. கீழே மெத்தையில் யாராவது பையன் படுத்துக்கொண்டு ஃபோன் பார்ப்பான், எத்தனை முறை எழுப்பினாலும்.

காதுக்கு அடைப்பு கட்டாயம். தகரக் கொட்டகைக்குள் அந்தத் தட்டல் தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். சுத்தியலுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் தட்டும், சத்தம் குறைந்த ஆயில் பல்ஸ் வகை மெஷின்கள் இருக்கின்றன. முறுக்குவிசை குறைவு, எங்கள் வேலைக்கு அதுவே நல்லது. அடுத்து வாங்கினால் அதுதான். போன மாதம் இரவு ஒன்பதரைக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டா தம்பி, டயர் கடை போட்டிருக்கீங்களா? என் பேரன் மோட்டாருக்கும் பின் டயர் மாத்தணும்."

மச்சான் மறுநாள் மாற்றிக்கொடுத்தார். அதற்கு 18 வோல்ட் சரியாக இருந்தது.