ஐஸ் பெட்டிக்குள் இன்சுலின்

கொழும்பு ஆடிவேல் திருவிழா பார்த்திட்டுத்தான் போகவேணும் என்று அம்மா பிடிவாதம். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாச்சு, ஆனால் லண்டனிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த இன்சுலின் அதுவரைக்கும் காணாது. வெள்ளவத்தையில் பாமசிக்கா பஞ்சம் என்று காலி வீதியில் இறங்கினேன்.

கடைத் தம்பி மருந்துத் துண்டைப் பார்த்தான். "30/70 கலவை இன்சுலின்தானே அண்ணை? இருக்கு." பிரிட்ஜைத் திறந்தவன் கீழ்த்தட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. மேலே ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, பனி ஒட்டிய பெட்டியொன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"கரண்ட் போனாலும் சூடாகாது. அதுதான் இதுக்குள்ள வைக்கிறனாங்கள்." பெருமை வேறு!

பெட்டியிலேயே போட்டிருக்கிறது: 2 முதல் 8 பாகை, உறைய விடக்கூடாது. திறந்து பார்த்தால் போத்தலுக்குள் மருந்து கட்டி.

"வெளிய வச்சா இளகிரும் அண்ணை."

"இளகும். சீனியைக் குறைக்குமெண்டு நம்பேலாது."

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?"

அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. உறைந்து இளகினதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆச்சி கிளினிக்குக்குப் போவா. சீனி இறங்கேல்லை என்று டொக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் நல்ல போத்தல் கையில் கிடைக்கும், கூட்டின அளவையே போடுவா, சீனி விழுந்து மயங்குவா. இதை அவனுக்கு விளங்கப்படுத்த, பின்னால் நின்றவர் பனடோல் ஒரு கார்டுக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு பாமசி. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. போத்தலைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, ஐஸ் நேரே படாமல் பேப்பரில் சுற்றி, ஐஸோடு வைத்துத் தந்தா. 100 யூனிற் சிரிஞ்சுதானா என்று பார்த்தா. திறக்கிற திகதியைப் பெட்டியில் எழுதச் சொன்னா. "சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னம் போடுறனீங்கள்?" அரை மணித்தியாலம் என்றேன். "சீனி இறங்கினா கையில என்ன வச்சிருக்கிறீங்கள்?" லண்டனில் எனக்கு இன்சுலின் இலவசம், ஆனால் பையை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இப்படி யாரும் விசாரித்த ஞாபகம் இல்லை.

ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்தவ, உடனே அந்தக் கடைக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் நல்லாய்க் கொடுத்தா.

மறுநாள் அந்த வழியால் வரும்போது எட்டிப் பார்த்தேன். தம்பி சொல்வழி கேட்டிருக்கிறான். இன்சுலின் எல்லாம் கீழ்த்தட்டில். உறைந்த பழைய பெட்டிகளும் அதோடேயே.