சூட்டு நாடாவா, பசையா?

கிளிநொச்சிப் பக்கம் மண்டபங்களுக்குக் கார்ப்பெட் விரிக்கிற எங்களுக்கு, இரண்டு துண்டை இணைக்க இரண்டு வழி: அயன் பெட்டியால் உருக்கி ஒட்டும் நாடா, அல்லது நாடாவில் கையால் பசை தடவி ஒட்டுவது.

அயன் வேகமானது. நாடா ஆறி இறுகினதும் மேலே நடக்கலாம். நான் செய்யும் பெரிய மண்டபங்களுக்கு இதைத்தான் எடுப்பேன். ஆனால் கை ஒரு இடத்தில் தாமதித்தால் கார்ப்பெட் கெட்டுவிடும். மலிவான பொலிப்புரொப்பிலீன் நார் ஏறக்குறைய 165 பாகை செல்சியஸில் உருகும். நைலோன் 6 என்ற வகை நார் சுமார் 220 பாகை வரை தாங்கும். கரண்ட் நின்றால் வேலையும் பாதியில் நிற்கும். புதுப் பொடியனிடம் முதல் நாளே அயனைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பசை காய நேரமெடுக்கும், மாரி ஈரத்தில் இன்னும் இழுக்கும். ஆனாலும் பழக்க அதுதான் நல்லது. பிழை விட்டால், காய முதல் இழுத்துச் சரிசெய்யலாம்.

எதுவானாலும் நார் சாயும் திசை இரண்டு துண்டிலும் ஒன்றாக இருக்கவேணும். அதைத் தடவிப் பார்க்கத்தான் முதலில் பழக்குவேன். பிறகு கத்தியும் இரும்பு அடிமட்டமும், அதன்பின் பசை. மிச்சத் துண்டுகளில் பத்துப் பொருத்து சுத்தமாக வந்தபிறகே அயன்.