குளிர்காய்ச்சலுக்கு எந்த டெஸ்ட்? ஆன்டிபாடியா, ஸ்லைடா, கார்டா?

திருப்பூரில் எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாப் பையன் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். ஊருக்குப் போய்த் திரும்பிய வாரமே காய்ச்சல். ஒரு தனியார் லேபில் மலேரியா ஆன்டிபாடி பார்த்து ‘பாசிடிவ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அவனுக்குப் போன வருடம் மலேரியா வந்து குணமாகியிருந்ததை யாரும் கேட்கவில்லை. இப்போது வந்திருந்தது டெங்கு. அது தெரிய இரண்டு நாள் வீணானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆன்டிபாடி என்பது கிருமியைக் கண்டு நம் உடம்பு தயாரிப்பது. அது ரத்தத்தில் தெரியவே நாளாகும் என்பதால், காய்ச்சல் தொடங்கும்போது கிருமி இருந்தும் ‘நெகடிவ்’ வரலாம். குணமான பிறகோ மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தங்கிவிடும். ஒரு ஊரில் எத்தனை பேருக்கு முன்பு மலேரியா வந்துபோனது என்று கணக்கெடுக்க உதவும். இன்றைய காய்ச்சலுக்கு மருந்து எழுத அதை நம்பக்கூடாது.

ஸ்லைடு, அதாவது கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, பழைய முறைதான், ஆனால் கிருமியையே கண்ணால் பார்க்கலாம். விரல் நுனி ரத்தத்தைத் தடித்த தடவலாகத் தேய்த்தால் கிருமி இருக்கிறதா என்று தெரியும். மெல்லிய தடவலில் அது எந்த வகை மலேரியாக் கிருமி, வைவாக்ஸா ஃபால்சிபாரமா என்று தெரியும். மருந்து அதைப் பொறுத்தே மாறும். வைவாக்ஸ் என்றால் கல்லீரலில் பதுங்கியதை அழிக்க 14 நாள் பிரிமாகுயின் வேண்டும். கிருமி எவ்வளவு, மருந்துக்குக் குறைகிறதா என்றும் எண்ணிப் பார்க்கலாம். பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டத்தைப் புலம் என்பார்கள்; நூறு புலமாவது பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. காங்கேயம் பக்கம் மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவர் காது நரம்பில் ரத்தம் எடுத்து ஸ்லைடுதான் போடுகிறார். மனுசனுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டாமா?

கார்டு டெஸ்ட் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போதைய மலேரியா கார்டு தேடுவது கிருமியின் புரதத்தை, அதாவது ஆன்டிஜெனை. ராத்திரி நேரத்தில், மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் இதுவே கைகொடுக்கும். ஃபால்சிபாரத்தைக் காட்டும் எச்ஆர்பி2 கோடு மட்டும் குணமான பிறகும் சில வாரம் தெரியும். கிருமி குறைவாக இருந்தால் கார்டு தவறவிடவும் கூடும்.

என் தேர்வு ஸ்லைடு. உடனே கிடைக்காவிட்டால் கார்டு போட்டுவிட்டு அப்புறம் ஸ்லைடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே எடுக்கிறார்கள். முதல் ஸ்லைடில் ஒன்றும் இல்லாமல் காய்ச்சல் தொடர்ந்தால், 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தம் மூன்று தடவையாவது பார்க்கச் சொல்லுங்க.

ஆன்டிபாடி எல்லா நோய்க்கும் வீண் என்று இல்லை. குடலிலிருந்து போகும் அமீபா என்ற கிருமியால் கல்லீரலில் சீழ் கட்டும்போது கதை வேறு. மலத்தில் பெரும்பாலும் கிருமி அகப்படாது. அங்கே ஸ்கேனோடு ஆன்டிபாடியும் சேர்ந்தால் மருத்துவருக்கு நல்ல துணை.