குவாடலஹாராவில் ஐந்து ஆண்டுகள்: உளுந்தைத் தவிர எல்லாம் கிடைக்கிறது

அடுத்த மாதம் சென்னையிலிருந்து குவாடலஹாராவுக்கு மாற்றலாகி வரவிருக்கும் நண்பர் ஒருவர், பெட்டியில் எந்தெந்த மளிகைப் பொருள்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மெக்ஸிகோவின் இந்த மேற்கு நகரத்தில் ஐந்து ஆண்டுகளாகத் தமிழ்ச் சமையல் செய்துவரும் எனக்கு அதற்கான பதில் ஒரே சொல்தான்: உளுந்து. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஊருக்கு நியாயம் செய்ததாகாது.

தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, நம் ஊரைப் போலவே சிறிய எலுமிச்சை எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். வாரம் ஒருமுறை தெருவை அடைத்துக் கூடும் ‘தியாங்கிஸ்’ சந்தையில் சாயோத்தே என்ற பெயரில் குவிந்திருப்பது நம் சௌசௌதான். அதன் பிறப்பிடமே இந்த நாடு என்பதால், நாம் பார்த்திராத முள் நிறைந்த வகையும் இங்கே உண்டு. இங்குள்ளவர்கள் பன்றி இறைச்சியோடு பச்சைச் சாறில் வேகவைக்கும் வெர்தோலாகாஸ், நாம் பருப்பில் போட்டுக் கடையும் அதே பருப்புக்கீரை. தாளிப்பதற்குச் சிலே தே ஆர்போல் என்ற மெல்லிய சிவப்பு மிளகாய் போதும். வெல்லத்துக்குக் கூம்பு வடிவப் பிலோன்சியோ இருக்கிறது. அதில் செய்த சர்க்கரைப் பொங்கலை உண்ட என் தாயார் வேறுபாடு எதையும் சொல்லவில்லை.

புளியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அண்டை மாநிலமான கொலிமாவிலும் இந்த ஹாலிஸ்கோ மாநிலத்திலும் விளையும் புளி, ஓட்டோடு கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. அது புதுப்புளி என்பதால் குழம்பின் நிறம் சற்று வெளிறித்தான் இருக்கும். ஓட்டையும் நாரையும் கொட்டையையும் நீக்கி, உப்புச் சேர்த்து ஜாடியில் சில மாதங்கள் அடைத்து வைத்தால் அந்தக் குறையும் தீரும். என்னை உண்மையிலேயே மகிழ்வித்த பொருள் பட்டை. கனேலா என்ற பெயரில் இங்கே சாதாரணமாகக் கிடைப்பது, விரலால் நொறுக்கக்கூடிய இலங்கைக் கறுவாப்பட்டை. இலங்கையிலிருந்து அதை மிகுதியாக வாங்கும் நாடே மெக்ஸிகோதான். சென்னையில் தடித்த மரப்பட்டை போன்ற வகையையே வாங்கிப் பழகிய எனக்கு, இதைப் போட்டுத் தாளித்த முதல் நாள் அடுக்களையில் எழுந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

இத்தனை கொடுக்கும் ஊரில்தான் உளுந்து இல்லை. ஃப்ரிஹோல் என்று பொதுப்பெயரிட்டு மஞ்சளும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக அடுக்கி வைத்திருப்பவை எல்லாம் ராஜ்மா இனத்தைச் சேர்ந்த அவரைகள். மொத்த விற்பனைச் சந்தையான அபாஸ்தோஸில் கைப்பேசியில் உளுந்தின் படத்தைக் காட்டிக் கேட்டபோது, கடைக்காரர் மிகுந்த அன்போடு கறுப்பு அவரையை அள்ளிக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை, உளுந்துக்கு அவருடைய மொழியில் நிலைத்த பெயர் கிடையாது. இணையத்தில் அது ‘லென்தேஹா நெக்ரா’, அதாவது கறுப்பு மைசூர்ப் பயறு, என்று மொழிபெயர்க்கப்படுகிறது. உண்மையிலேயே கறுப்பாக உள்ள ஒரு மைசூர்ப் பயறு வகைக்கும் அதே பெயர்தான். முதல் ஆண்டில் ஓர் இணைய விற்பனையாளரிடம் இரண்டு கிலோ வரவழைத்தேன். வந்தது குட்டி உருண்டையாக, வெள்ளைத் தழும்பு இல்லாமல், உள்ளேயும் வெண்மை இல்லாமல் இருந்தது. உளுந்தின் படத்தைப் போட்டு இதை அனுப்பியவர், பெயர் சரிதானே என்று கூறிப் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்.

மாற்றுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கலாமே என்று நண்பருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பாசிப்பயறை முயன்றேன். அதையும் எளிதில் பிடிக்க முடியவில்லை, ஏனெனில் அதன் முளையை இங்கே ‘சோயா முளை’ என்று விற்கிறார்கள். அரைத்த மாவு புளித்ததே தவிர உப்பவில்லை. உளுந்தில் உள்ள வழவழப்பான ஒட்டுப்பொருள்தான் புளிக்கும்போது எழும் காற்றுக் குமிழ்களை மாவுக்குள் பிடித்து நிறுத்துகிறது. அந்த வழவழப்பு இல்லாத பயறில் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் இட்லி தட்டையாகவே வரும். ராஜ்மா இன அவரைகளைப் பச்சையாக அரைத்து முயலவே கூடாது. அவற்றில் உள்ள நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அழியும். இட்லித் தட்டின் ஆவியை நம்பி அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

மெக்ஸிகோ நகரத்து இந்தியப் பொருள் கடைகள் உளுத்தம்பருப்பு விற்கின்றன. கூரியரில் அனுப்பியும் வைக்கின்றன. வாங்குவோர் குறைவு, வரும் வழி நீளம் என்பதால் அது பழைய சரக்காக இருப்பதையும் விலை ஏறியிருப்பதையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் சென்ற மாதம் எனக்கு வந்த பொட்டலத்தில் காலாவதித் தேதியின்மேல் வேறொரு சீட்டு ஒட்டியிருந்ததைப் புரிந்துகொள்ள நான் ஆயத்தமாக இல்லை. எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்த அந்தப் பருப்பு பொங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் முன் வைத்த வடை கல்லாக இருந்தது.

எனவே நண்பர் புளி, பட்டை, மிளகாய், வெல்லம் எதையும் சுமக்க வேண்டாம். மருந்து மூலிகைக் கடைகளில் வெந்தயம்கூடக் கிடைக்கும். கறிவேப்பிலையைப் பசுமையாகக் கொண்டுவர முயலவே கூடாது: 2009-இல் இந்த நாட்டின் யுகதான் பகுதியில் கண்டறியப்பட்ட எலுமிச்சைப் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்வது, எலுமிச்சையை நம்பிப் பிழைக்கும் உழவர்கள் இங்கே ஏராளம். தோல் நீக்கிய உளுத்தம்பருப்பை, முளைக்கக்கூடிய முழு உளுந்தாக அல்லாமல், ஆலை முத்திரை பிரியாத பொட்டலங்களில் எடுத்துக்கொள்ளட்டும். புறப்படுமுன், மெக்ஸிகோவுக்குள் வரும் உணவு, விதைப் பொருள்களைச் சோதிக்கும் அரசு அமைப்பான செனாசிகாவின் அனுமதிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதட்டும்.

சந்தை வளத்தில் நான் வாழ்ந்த வேறெந்த அயல்நகரமும் குவாடலஹாராவை நெருங்காது. இருந்தும், வாரம் இரண்டு நாள் இட்லி இல்லாமல் இருக்க முடியாத குடும்பத்துக்கு இந்த ஊரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.