ஐபேடில் பேசும் குழந்தையும் கார் பயணமும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வாய்ப்பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டால், அந்தச் சொல்லைக் குரலாகச் சொல்லும் செயலி அவாஸ். அது போன்ற செயலியை ஐபேடில் போட்டுப் பேசும் குழந்தைக்கு அந்த ஐபேட்தான் குரல். காரில் ஏறியதும் அதைப் பைக்குள் வைக்கக் கூடாது. வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் எங்களை அதிகம் படுத்தியது ரோடோ சார்ஜோ அல்ல, புளூடூத்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீரியோ ஐபேடைத் தானாக இணைத்துக்கொள்ளும், ஐபேடின் குரலும் ஸ்டீரியோவுக்குப் போய்விடும். அங்கே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால், குழந்தை "வாந்தி வருது" என்று அழுத்தினாலும் யார் காதிலும் விழாது. கன்ட்ரோல் சென்டரில் புளூடூத்தை அணைத்தால் போதாது, மறுநாள் தானாகவே வந்துவிடும். செட்டிங்ஸில் புளூடூத்துக்குள் போய், காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'i' குறியைத் தொட்டு 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' கொடுங்கள். பாட்டுக்கு உங்கள் போனை இணைத்துக்கொள்ளுங்கள்.

குலுங்கும் ரோட்டில் விரல் பக்கத்துப் படத்தில் விழும். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, டச், டச் அக்கமடேஷன்ஸ் என்று போய் 'ஹோல்ட் டியூரேஷன்' வையுங்கள். விரல் அவ்வளவு நேரம் படத்தில் இருந்தால்தான் தொட்டதாகக் கணக்கு. 0.2 நொடியில் தொடங்கலாம். அதிகம் கூட்டினால் வேகமாக அழுத்தும் குழந்தை எரிச்சலாகிவிடும்.

ஹெட்ரெஸ்டில் மாட்டும் ஸ்டாண்டை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெல்ட் போட்ட குழந்தைக்குக் கை எட்டாது. சடன் பிரேக்கில் ஐபேட் கழன்று பறக்கவும் கூடும். கைப்பிடி வைத்த தடித்த ஃபோம் உறையில் போட்டு மடியில் கொடுப்பதே மேல். கழுத்தில் மாட்டும் பட்டை காரில் வேண்டவே வேண்டாம்.

ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இயங்குவதற்கென்று செய்யப்பட்டது. வெயிலில் நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். டீ குடிக்க இறங்கினாலும் கையோடு எடுத்துப் போங்கள். சூடு எச்சரிக்கை வந்தால் சார்ஜரைப் பிடுங்கி, உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

ஐபேட் கையில் இல்லாத அந்த நேரத்துக்குத்தான் படங்கள் அச்சிட்ட அட்டை. செயலியின் முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஏ4 தாளில் கலரில் அச்சிட்டு லேமினேட் செய்து சீட் பாக்கெட்டில் வையுங்கள். புதிதாக வரைந்த அட்டையில் படங்கள் இடம் மாறியிருக்கும். விரலுக்குப் பழகிய இடத்திலேயே இருந்தால்தான் குழந்தை தேடாமல் தொடும். அட்டையின் பின்பக்கத்தில் 'நிறுத்து', 'வாந்தி', 'பாத்ரூம்', 'தண்ணி', 'ஏசி', 'வலிக்குது', 'பாட்டை மாத்து' ஆகிய படங்கள் இருக்கட்டும். ஓட்டுபவரால் அட்டையைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் குழந்தை தொட்டதை உரக்கச் சொல்ல வேண்டும்.

"நிறுத்து" என்று சும்மா அழுத்திப் பார்க்கும் காலம் ஒன்று வரும். அப்போதும் "இதோ, அடுத்த பங்க்ல நிறுத்தறேன்" என்று பதில் சொல்லி, அங்கே நிறுத்துங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால், நிஜமாகவே வயிறு கலங்கும்போது குழந்தை அந்தப் படத்தைத் தொடாது.