பழைய அம்பாசடரில் எஃகுக் குழாய் ஹெட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

இசுசு இன்ஜின் வருவதற்கு முந்தைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைச் சரிசெய்து மறுபடி ஏற்றும்போது, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிபோல்டை எடுத்துவிட்டு, அதே வேலையைத் தனித்தனிக் குழாய்களால் செய்யும் எஃகுக் குழாய் ஹெட்டர் மாட்டினேன். காரைக்குடி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: குழாயைவிட, அது சிலிண்டர் ஹெட்டோடு சேரும் பிளாஞ்சின் (இணைப்புத் தகட்டின்) தடிமன்தான் முக்கியம்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த இந்த இன்ஜினில் இன்லெட்டும் (பெட்ரோல் கலவை உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்ட்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சிலிண்டர் நான்கு, புகைவாய் மூன்று. நடுவாய் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொது. சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசை 1-3-4-2 என்பதால் அவ்விரண்டும் கிராங்கின் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் புகை தள்ளுகின்றன. அதில் தொல்லை இல்லை. தொல்லை வாஷரில் இருக்கிறது. இன்லெட் பிளாஞ்சையும் எக்ஸாஸ்ட் பிளாஞ்சையும் ஒரே ஸ்டட்டில் (ஹெட்டில் பதித்த திருகுக் கம்பியில்) ஒரே பெரிய வாஷர் அழுத்திப் பிடிப்பதால், ஹெட்டர் பிளாஞ்சு சற்று மெலிந்திருந்தாலும் வாஷர் சாய்ந்து உட்கார்ந்து, எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் தடித்த பக்கத்துக்கே போய்விடும்; மெலிந்த பக்கத்தில் புகை கசியும். காலையில் ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடேறியதும் அடங்கும் ஓசை அந்தக் கசிவின் அடையாளம். வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தம் என்று எண்ணி வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பவர்களே அதிகம். எனக்கு வந்த ஹெட்டரின் பிளாஞ்சும் மெலிதுதான். இரு பிளாஞ்சுகளின் தடிமன் வித்தியாசத்துக்கு ஏற்ப லேத் பட்டறையில் படி வைத்துக் கடைந்த வாஷர்கள் போட்ட பின் கசிவு இல்லை.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே ஸ்டட்களைப் புதிதாக்கி, பித்தளை நட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எஃகு நட் சூட்டில் பிடித்துக்கொண்டால் ஸ்டட்டே முறியும். “அண்ணே, குழாயை முதல்ல உள்ள கட்டித் தொங்க விட்டுக்குவோம், இன்ஜின் அப்புறம் இறங்கட்டும்” என்றார் மெக்கானிக். அது சரியான யோசனை. இன்ஜின் உட்கார்ந்த பிறகு நீண்ட கிளைக் குழாய்களை நுழைப்பது பெரும்பாடு. முதல் ஓட்டத்துக்குப் பின், ஆறிய இன்ஜினில், எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்க வேண்டும். குழாய்க்கான முதல் பிடிப்பைப் பாடியில் கொடுக்காமல் கியர்பாக்ஸில் கொடுத்தோம். ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் ஆடும்போது குழாயும் கூடவே ஆடுவதால் வெல்டிங் இன்றுவரை விரியவில்லை.

வேகத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். திருமயம் சாலையில் டாப் கியரில் இழுவை சற்று இலகுவாகத் தெரிகிறது, மைலேஜ் அப்படியேதான். சத்தம் மட்டும் கூடியிருக்கிறது: முகப்பில் ஸ்டார்ட் செய்தால் பின்கட்டு அடுப்படி வரை கேட்கிறது என்பது வீட்டாரின் புகார். சித்திரை வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்ததற்கு, கார்புரேட்டருக்குக் கீழே சூட்டைத் தடுக்கும் அலுமினியத் தகடு ஒன்று போதுமானதாக இருந்தது. சாதாரண எஃகுக் குழாயில் ஹீட் டேப் (சூட்டை அடக்கும் நாடா) சுற்றுவதை நான் விரும்பவில்லை; மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துரு தின்ன விடும். செலவானாலும் ஸ்டெயின்லெஸ் எஃகே மேல்.

கல்யாணத்துக்கும் பிள்ளையார்பட்டிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், பழைய மேனிபோல்டு விரிசலில்லாமல் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. மாற்றினாலும் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, நல்ல வார்ப்பு கிடைப்பது அரிதாகி வருகிறது.