சர்வீஸுக்கு விட்ட வண்டியும் அப்பாவின் ஸ்பானர் பெட்டியும்

இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவின் 150 சிசி வண்டி 11 மாதமாகக் கொட்டகையில் நின்றிருந்தது. முழங்கால் வலியால் அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தம்பி இனி வேலைக்கு அதில்தான் போகப் போகிறான். எனக்கு 3 வாரம்தான் விடுமுறை. நான் வேலை பார்க்கும் நாட்டில் என் வண்டியை நானேதான் கழற்றிப் பூட்டுவேன். ஊரில் எதற்கு அந்த வேலை, டீலரிடம் விட்டால் மாலையில் தயாராக இருக்கும் என்று நினைத்துக் கொண்டுபோய் விட்டேன்.

மாலையில் வண்டி பளபளவென்று வந்தது. முக்கியமான வேலையான கார்புரேட்டர் சுத்தத்தையும் நன்றாகவே செய்திருந்தார்கள். நெடுநாள் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்துவிடும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, முதலில் அடைவது அதுதான். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைந்துகொண்டிருந்த வண்டி இப்போது ஐட்லிங்கில் சீராக நின்றது. பேட்டரியும் புதிது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது பிழைக்காது, அதை மாற்றியது சரிதான்.

மறுநாள் காலையில் ஒரு சுற்றுப் போய்வந்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ஏதோ இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது. மெயின் ஸ்டாண்டு போட்டுச் செயினின் கீழ்ப்பக்க நடுவில் விரலை வைத்துத் தூக்கினேன். அசையவே யோசித்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தொய்வு 10 மில்லிமீட்டர். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 25 முதல் 35 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பில்லில் 'செயின் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது.

செயின் தொளதொளவென்று இருந்தால் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், அது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கமான செயின் அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது. பள்ளத்தில் பின்சக்கரம் மேலே எழும்பும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் கூடும். அதற்குத்தான் அந்தத் தொய்வு. அது இல்லையென்றால் இழுப்பு இன்ஜினின் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கில் போய் விழும். தம்பியை உட்காரவைத்துக் காட்டினேன். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, செயின் எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். முறுக்கும்போதே தொய்வு மாறிவிடும். 20 நிமிஷ வேலை.

அப்புறம் பிரேக். முன் டிஸ்க்கின் ஆயில் டப்பாவில் அளவு சரியாக இருந்தது, நிறம்தான் கறுத்த டீத்தூள் தண்ணீர். மாற்றவில்லை, மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்திலுள்ள பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குவது அதனால்தான். தம்பி லீவரைப் பிடிக்க, நான் பழைய ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தேன். "அழுத்து, பிடிச்சுக்கோ... சரி, இப்ப விடு." நிப்பிளை மூடிய பிறகுதான் விட வேண்டும், முன்னாலேயே விட்டால் காற்று உள்ளே போய்விடும். குழாயில் கறுப்பு வெளுத்துத் தெளிந்த மஞ்சள் வரும்வரை இப்படியே செய்தோம். டேங்கில் சிந்திய ஒரு சொட்டை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

இதற்காக டீலரிடம் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு பில்லை எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது, ஒரு இளைய மெக்கானிக் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினார். "நேரா வரும்போது ஒரு இடத்துல புடிக்குது பாருங்கண்ணே." ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஓட்டும்போது எனக்கு உறுத்தியதுதான், ஆனால் டயர் என்று நினைத்துவிட்டேன். தினமும் பல வண்டிகளைத் தொடுகிற கைக்கு அது சட்டென்று தெரிகிறது. பழைய கிண்ணங்களைத் தட்டிக் கழற்றிப் புதியதைக் கோணாமல் இறக்க அதற்கான கருவி வேண்டும், என்னிடம் இல்லை. பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். அந்த ஒரு மணி நேரக் கூலியை மனநிறைவோடு கொடுத்தேன்.

இன்ஜின் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், செயின், பிரேக் ஆயில் இவை தம்பியின் பொறுப்பு என்று பேசி முடித்தோம். இன்ஜின் ஆயில் வாங்கும்போது டப்பாவில், கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குகளுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கார் ஆயில் சிலவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வாரன்டியில் உள்ள புது வண்டி என்றால் கதை வேறு, அதற்கு டீலரின் சர்வீஸ் பதிவு தேவைப்படும். இது அந்தக் காலத்தைக் கடந்து வெகுநாளாகிறது.

அப்பா நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முதல்நாள் தன் ஸ்பானர் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்தார். உள்ளே ஒரு சின்ன நோட்டு, பக்கம் பக்கமாகக் கிலோமீட்டர் கணக்கும் தேதியும். கடைசி வரிக்குக் கீழே தம்பி அன்றைய ரீடிங்கை எழுதி, 'செயின் 30 மி.மீ.' என்று சேர்த்தான்.